தோற்றம், மறைவு: இடப்பக்கத் தேதியையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இரண்டு தேதிகள் இருக்கும். இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு. திதி, தெவசம், அமாவாசைத் தர்ப்பணம், ஆண்டுக்கொரு விளம்பரம் என்று நம் வீடுகளின் கவனமெல்லாம் வலப்பக்கத் தேதியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அம்மாவின் பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட்டு, அவர் காலமான பிறகும் அதே நாளில் அதைத் தொடரும் குடும்பங்கள் இருக்கின்றன. இது வளரவேண்டிய வழக்கம். இல்லங்களின் சமையற்கட்டுப் பக்கம் நின்று இதே வேலையைச் செய்கிறவர்கள் என்ற முறையில், இது எங்கே சறுக்குகிறது, எப்படிச் செய்தால் சரியாக அமையும் என்று எழுதுகிறோம்.

முதலில் ஒரு சந்தேகம். போனவருக்குப் பிறந்தநாள் கொண்டாடலாமா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். நம் கோயில்களில் இரண்டு முறையும் இருக்கிறது. நாயன்மார்களுக்குக் குருபூசை நடப்பது அவர்கள் இறைவனடி சேர்ந்த நட்சத்திரத்தில். ஆழ்வார்களுக்கும் ஆசாரியர்களுக்கும் திருநட்சத்திரம் கொண்டாடுவது அவர்கள் அவதரித்த நாளில். ஆண்டாளுக்கு ஆடிப்பூரம், நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகம், ராமானுஜருக்குச் சித்திரைத் திருவாதிரை. தஞ்சைப் பெரிய கோயிலில் இன்றும் ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயத்தில் விழா எடுக்கிறோம், அதுவும் பிறந்த நட்சத்திரம்தான். காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாக இருக்கிறது. பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது அண்ணா பிறந்த செப்டம்பர் 15-ல். ஊருக்கு உழைத்தவர்களுக்குச் செய்வதை வீட்டுக்கு உழைத்தவர்களுக்கும் தாராளமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அர்ச்சனையில் பெயர், நட்சத்திரம் சொல்லிச் சங்கல்பம் செய்வது உயிரோடு இருப்பவருக்கே. காலமானவர் பெயரைச் சொன்னால் குருக்கள் சங்கடப்படுவார். அன்றைக்குக் கோயிலில் ஏதாவது செய்ய நினைத்தால் அன்னதானக் கணக்கில் அவர் பெயரில் கட்டிவிடலாம்.

அடுத்தது தேதி. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை, அதுவும் இன்று அறுபதைத் தாண்டியவர்கள் விஷயத்தில், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது சரியாக வரவேண்டுமே என்று தலைமையாசிரியர் போட்ட தேதிதான் பலருடைய ஆவணங்களில் நிற்கிறது. வீட்டுத் தேதி வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான்கு விவரம் வேண்டும்: தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம், கிழமை. ஜாதக நோட்டு இல்லாவிட்டால் வீட்டில் மூத்தவர்களிடம் ஊர்ச் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "தனுஷ்கோடி புயலுக்கு ரெண்டு நாள் கழிச்சுப் பொறந்தவ" என்று ஒரு பெரியம்மா சொன்னால் அதுவே போதும். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 செவ்வாய் இரவு. அப்படியானால் பிறந்தது வியாழக்கிழமை வாக்கில், குரோதி வருடம் மார்கழி மாதம். சொன்ன நட்சத்திரம் அந்த நாட்களில் ஓடியதா என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் தேதி உறுதியாகிவிடும். இந்த விசாரணையை, பெரியம்மாக்கள் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். அப்படியே அவருக்குப் பிடித்த பதார்த்தம் எது என்றும் கேட்டுப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

நட்சத்திரப்படி செய்பவர்களுக்கு இரண்டு சிக்கல் வரும். நட்சத்திரம் சுமார் 27 நாளில் ஒரு சுற்று முடிக்கும், தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை ஓடும். அதனால் மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் மாதக் கடைசியில் மறுபடியும் வரலாம். அப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டாவதையே பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் இருப்பதால் சில வருடங்களில் நாளே மாறிவிடும். உங்கள் வீட்டில் திதி எந்தப் பஞ்சாங்கப்படி பார்க்கிறார்களோ அதையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தில் பதியும்போது ஆங்கிலத் தேதியா நட்சத்திரமா என்று சொல்லிவிடுவது நல்லது. போன வருடத் தேதியிலேயே இந்த வருடமும் பணம் கட்டிவிட்டு, நட்சத்திரம் பத்து நாள் தள்ளி வருகிறது என்று கடைசி நேரத்தில் மாற்றச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. அதற்குள் அந்த நாளை வேறொருவர் எடுத்திருப்பார். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் பார்த்துச் சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை.

பதிவைப் பொறுத்தவரை ஒரு மாதம் முன்னதாகச் சொல்வதே நல்லது. ஞாயிறு, தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தீபாவளி, ஜனவரி 1, தலைவர்கள் பிறந்தநாள் ஆகிய நாட்களில் ஒரே இல்லத்துக்கு மூன்று பேர் சாப்பாடு கொண்டுவருவார்கள். ஒரு வேளைச் சாப்பாடு மிஞ்சிக் கொட்டப்படும். மழை பெய்யும் நவம்பர் புதன்கிழமையிலோ பண்டிகைக்கு மறுநாளோ யாருமே இருக்க மாட்டார்கள். உங்கள் நாள் நிரம்பியிருந்தால், தேதியை மாற்றுவதைவிட வேளையை மாற்றுங்கள். எல்லாரும் மதியச் சாப்பாட்டையே கேட்கிறார்கள். காலைக்கும் இரவுக்கும் ஆள் கிடைப்பது அரிது. ஐம்பது முதியவர்களுக்கு ஆளுக்கு மூன்று இட்லி என்றால் 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து போதும், 150-க்குக் குறையாமல் வரும். செலவும் மதியச் சாப்பாட்டைவிடக் குறைவு. இரவில் நாலு வாய் சூடாக, மெத்தென்று சாப்பிட்டுப் படுப்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

இனிச் சமையல். ஐம்பது பேர் என்று மட்டும் சொன்னால் கணக்குத் தப்பும். எந்த ஐம்பது பேர் என்பதுதான் முக்கியம். முதியோர் இல்லத்தில் ஆளுக்கு 80 கிராம் அரிசி வைத்தால் போதும், ஐம்பது பேருக்கு 4 கிலோ. சத்துணவில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 100 கிராம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் இருக்கும் விடுதியில் 150 கிராமுக்குக் குறைத்தால் கடைசிப் பந்திக்குச் சோறு இருக்காது. அதே ஐம்பது பேருக்கு அங்கே 7½ கிலோ. கல்யாணச் சமையல்காரரிடம் விட்டால் இரண்டுக்கும் ஒரே அளவுதான் போடுவார்.

முதியோருக்கு, 4 கிலோ அரிசியோடு சாம்பாருக்கும் ரசத்துக்குமாகத் துவரம்பருப்பு 1¼ கிலோ, சாம்பாருக்குக் காய் 3 கிலோ, பொரியலுக்கு 4 கிலோ, புளி கால் கிலோ, தயிருக்கு முந்தின இரவே உறை ஊற்ற 5 லிட்டர் பால். சோறு வழக்கத்தைவிட ஒரு பங்கு தண்ணீர் கூட்டி வைத்துக் குழைந்து வரவேண்டும். பழைய அரிசி தண்ணீர் அதிகம் இழுக்கும். பொரியலுக்குப் புடலை, சுரை, பூசணி, பீன்ஸ் மாதிரிப் பொடியாக நறுக்கினால் மசிகிற காய். கொத்தவரை, முற்றின முருங்கை வேண்டாம். மெதுவடை ஆசைப்பட்டால் 1 கிலோ உளுந்தில் ஐம்பதுக்கு மேல் வரும், ஆனால் மொறுமொறுவென்று இலையில் வைத்தால் பல் இல்லாதவர்கள் ஓரத்தில் ஒதுக்கிவைப்பார்கள். சாம்பாரிலோ தயிரிலோ ஊறப்போட்டுக் கொடுங்கள். அப்பளமும் ஊறுகாயும் உப்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் பந்தியில் அவை இல்லாமல் போனால் குறையொன்றும் இல்லை.

பிறந்தநாள் என்றால் இனிப்பு இல்லாமல் முடியாது. பாசிப்பருப்புப் பாயசம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும். ஐம்பது பேருக்குச் சின்ன தம்ளரில் கொடுக்க அரைக் கிலோ பருப்பு, முக்கால் கிலோ வெல்லம், மூன்று தேங்காய். பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, தேங்காயை மூன்றாம் முறை பிழிந்த மூன்றாம் பாலில் முழுக்கக் குழைய வேகவிடவேண்டும். வெல்லம் விழுந்த பிறகு பருப்பு வேகவே வேகாது. அவசரத்தில் முன்னாலேயே போட்டுவிட்டு, நறுக் நறுக்கென்று கடிபடுகிற பாயசத்தைப் பரிமாறியவர்கள் நிறையப் பேர். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும். பிறகு இரண்டாம் பால் ஊற்றி ஒரு கொதி. முதல் பாலை அடுப்பை அணைத்து இறக்கிய பிறகுதான் சேர்க்கவேண்டும், கொதிக்கிற பாயசத்தில் ஊற்றினால் திரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு என்று தனிச் சமையல் தேவையில்லை. வெல்லம் சேர்ப்பதற்கு முன்னால் அவர்கள் எண்ணிக்கைக்குப் பருப்பை எடுத்துவைத்து, தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து அதே தம்ளரில் கொடுத்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர் கையிலும் தன் கையிலும் ஒரே தம்ளர் இருக்கவேண்டும் என்பது அந்த வயதில் எவ்வளவு முக்கியம் என்று பந்தியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு பார்த்துச் சமைத்ததும் ஒரே காரியத்தால் கெடுகிறது. அது தாமதம். மதியம் 12.30-க்குப் பந்தி என்று முடிவாகியிருக்கும். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாரும் உட்கார்ந்தும் ஆகிவிடும். பிறந்தநாள்காரரின் மகன் வழியில் இருக்கிறார், வந்ததும் படம் எடுத்துவிட்டுப் பரிமாறலாம் என்று தொலைபேசி வரும். 1.30 ஆகிவிடும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் ஆபத்து. சர்க்கரை தாழும்போது கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். வயதானவர்களிடம் இது வெறும் அசதி மாதிரித் தெரியும், தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். ஆகையால் குடும்பம் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்குப் பரிமாறிவிடுங்கள் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லத்துக்காரர்களுக்கு நன்கொடையாளரிடம் அதைச் சொல்ல வாய் வராது. பார்க்க ஆசையுள்ள குடும்பம் 11 மணிக்கு வந்து காய் நறுக்கலாம், பந்தியில் ரசம் விடலாம்.

கூடுமானவரை இல்லத்துச் சமையற்கட்டிலேயே பொருளைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அண்டாவில் கொண்டுவருகிற சாப்பாட்டில், குறிப்பாக மண்டபத்தில் மீந்ததைக் கொடுத்துவிடுவதில், எங்களுக்கு உடன்பாடில்லை. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் (ஸ்போர்கள்) இருக்கும். சோறு கொதிக்கும் சூட்டிலும் அவை சாகாது. அண்டாவின் நடுவில் சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும், அங்கே அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மோந்து பார்த்தாலும் தெரியாது. தவிர்க்க முடியாமல் வெளியிலிருந்து கொண்டுவந்தால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடு நிற்கும் மூடிய பாத்திரத்தில் வரவேண்டும், சமைத்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் இலைக்குப் போய்விடவேண்டும். தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும். சுடச்சுடப் பிளாஸ்டிக் தாளில் மடித்த பொட்டலம் உள்ளே வியர்த்து மத்தியானத்துக்குள் நசநசத்துப் போகும். புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் புளிப்பினால் கொஞ்சம் தாங்கும்.

குழந்தைகள் இல்லத்துக்குச் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள், தங்களைப் போன்ற பத்திரிகைகளிடமும் அதே வேண்டுகோள். இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 74-ம் பிரிவு பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் போன்றவற்றை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் ஒரு பிள்ளையின் படம் அது படிக்கும் பள்ளியில் யாருடைய கைபேசியிலாவது வந்துவிட்டால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்புக்குள் எப்படி நுழையும்? பாட்டுப் பாடச் சொல்லி நிறுத்துவதும் வேண்டாம். கேக் எடுத்துப் போவதானால் எத்தனை பேர் என்று கேட்டு எடுங்கள். ஒரு கிலோ கேக் பத்துப் பன்னிரண்டு துண்டுக்குமேல் வராது, ஐம்பது பேருக்கு ஒரு கிலோ கேக்கை நறுக்கினால் விரல் நுனியளவுதான் கிடைக்கும். அதே பணத்தில் ஒரு கிலோ ரவை, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, அரைக் கிலோ நெய் போட்டுக் கேசரி கிண்டினால் ஆளுக்கு ஒரு கை நிறையக் கொடுக்கலாம்.

சாப்பாட்டுக்கு வெளியேயும் வழி உண்டு. படுக்கையில் இருக்கும் ஒரு முதியவருக்கு நாளைக்கு மூன்று நான்கு டயப்பர் ஆகும், பத்து உள்ள ஒரு பொதி மூன்று நாளைக்கு மேல் வராது. இதைக் கேட்க இல்லங்கள் கூச்சப்படும், நீங்களே கேளுங்கள். ரத்ததானம் செய்ய 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும் என்பதால், நூறு பேரை ஒரே நாளில் கூட்டுவதற்கு முன் ரத்த வங்கியில் தேவை கேளுங்கள். மரக்கன்று நடுவது பிறந்தநாள் சித்திரை வைகாசியில் வந்தால் வீண். அன்று இரண்டடிக் குழி வெட்டி எரு போட்டு ஆறவிட்டு, ஐப்பசி மழையில் நடுங்கள்.

வருமான வரிக் கழிவு எதிர்பார்க்கிறவர்கள் அரிசி, பருப்பாகக் கொடுத்தால் அது கிடைக்காது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ, அனுமதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்து ரசீது வாங்கவேண்டும்.

கடைசியாக, பெயர் எழுதும் கரும்பலகை. அனேகமாக எல்லா இல்லத்திலும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒன்று மாட்டியிருக்கும். "இன்றைய மதிய உணவு" என்று மேலே நிரந்தரமாகப் பெயின்டில் எழுதி, கீழே அன்றைய பெயரைச் சாக்பீஸால் எழுதுவார்கள். தொலைபேசியில் பெயரையும் தேதியையும் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளும் அவசரத்தில், எழுபத்தைந்து வயதில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு முன்னால் "அமரர்" என்று போட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். அவரே பேரப்பிள்ளைகளோடு வந்து அதைப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பதியும்போதே, இருக்கிறவரா காலமானவரா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இருக்கிறவரானால் பெயரும் எத்தனையாவது பிறந்தநாள் என்பதும். காலமானவரானால் "பிறந்தநாள் நினைவாக" என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "நினைவாக" என்றால் படிப்பவர்கள் அன்றுதான் இறந்த நாள் என்று நினைப்பார்கள்.

அதோடு பிடித்த பதார்த்தத்தையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெயருக்குக் கீழே "இவருக்கு மணத்தக்காளி வத்தக்குழம்பு பிடிக்கும்" என்று இருந்து, இலையிலும் அந்தக் குழம்பே விழுந்தால், சாப்பிடுகிறவர்கள் தங்களுக்குள் அந்த மனிதரைப் பற்றிப் பேசுவார்கள். எந்த ஊராம், யார் கைப்பக்குவமாம், நம் வீட்டில் சுண்டைக்காயில் வைப்போம் என்று பேச்சுப் போகும். முன்பின் பார்த்திராத ஐம்பது பேர் வாயில் அவர் பெயர் அரை மணி நேரம் இருக்கும். திதியன்று அவருக்குப் பிடித்த வெங்காயச் சாம்பாரையோ மசால் வடையையோ பல வீடுகளில் வைக்க முடியாது. பிறந்தநாளுக்கு அந்தத் தடை இல்லை.

பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் அழையுங்கள். அதற்கு முன்னால் எடுப்பவர் ஒரு கையில் கரண்டியோடுதான் பேசுவார், தேதியை எழுதிக்கொள்ள மறந்துபோவார்.

இப்படிக்கு,
இல்லங்களுக்கு உணவு ஏற்பாடு செய்யும் தன்னார்வலர்கள்,
திருச்சிராப்பள்ளி.